வரிசையில் கழிந்த மாதங்கள்

2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு இலங்கையையே பூட்டி வைத்திருந்தபோது, அரசாங்கம் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு 5,000 ரூபாய் வழங்கியது. சமுர்த்திக் குடும்பங்கள், முதியோர், சிறுநீரக நோயாளர், மாற்றுத்திறனாளிகள் என்று பல பட்டியல்கள் எடுக்கப்பட்டன. மாதாந்த மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவை ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த ஏறத்தாழ 84,000 பேருக்கு அந்தப் பணம் போனது. அதே கொடுப்பனவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்போர் பட்டியலில் கிடந்த 35,000க்கும் மேற்பட்டவர்களுக்கும் போனது.

இந்த இரண்டாவது எண்ணிக்கையைச் செய்தியாக வாசித்துவிட்டுக் கடந்துபோக முடியவில்லை. அவர்கள் யார், எந்தக் கிராம சேவகர் பிரிவில் இருக்கிறார்கள், என்ன இயலாமை என்பதெல்லாம் அரசுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால்தான் கடைகளும் காரியாலயங்களும் மூடிக்கிடந்த நாட்களில்கூட அவர்களின் வீடு தேடிப் பணம் கொடுக்க முடிந்தது. அவசரகால உதவி நின்றதும் அவர்கள் மறுபடியும் வரிசைக்குப் போனார்கள். அதற்கு முந்திய மாதங்களுக்கோ பிந்திய மாதங்களுக்கோ அவர்களுக்கு யாரும் எதுவும் கடன்படவில்லை.

நிலுவை என்ற விஷயம் நம்மூர்களில் யாருக்கும் புதிதல்ல. அரச உத்தியோகத்தர் ஒருவர் இருக்கும் வீட்டில் அது அன்றாடப் பேச்சு. ஓர் ஆசிரியருக்கு 2021இல் கிடைத்திருக்க வேண்டிய பதவி உயர்வுக் கடிதம் 2024இல் வந்தால், கடிதத்தில் போட்டிருக்கும் திகதியிலிருந்து சம்பள வித்தியாசத்தைக் கணக்கிட்டு ‘அரியர்ஸ்’ கேட்பார். கிடைக்கத் தாமதமாகலாம், வலயக் கல்வி அலுவலகத்துக்குப் பல தடவை போய்வர வேண்டியிருக்கலாம். ஆனால் அது தனக்குரிய பணம் என்பதில் அவருக்கும் சந்தேகமில்லை, கணக்காளருக்கும் சந்தேகமில்லை. அவரின் அடுத்த வீட்டில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்ற ஒருவர் 2021இல் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்து 2024இல் பட்டியலில் சேர்க்கப்பட்டால், அவருக்குக் கிடைப்பது சேர்ந்த மாதத்திலிருந்து வரும் காசு மட்டுமே. நடுவில் போன மூன்று வருடம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. ஒரே வேலியின் இரண்டு பக்கத்திலும் ஒரே அரசாங்கம்தான். ஒரு பக்கம் தாமதம் கடனாகிறது, மறுபக்கம் ஒன்றுமில்லாமல் போகிறது. ஏன் அப்படி என்பதே இந்தக் கட்டுரையின் விசாரணை.

இறக்காமத்தை வைத்தே பார்க்கலாம். அம்பாறை மாவட்டத்தின் கரையோர முஸ்லிம் ஊர்களோடு சேர்த்துப் பேசப்பட்டாலும் இங்கே கடல் இல்லை. குளமும் வட்டையும்தான். இறக்காமம், வரிப்பத்தாஞ்சேனை, குடுவில், வாங்காமம், மாணிக்கமடு என்று விரியும் இந்தப் பிரதேச செயலகப் பிரிவில் கணிசமானோரின் வருமானம் வயலைச் சுற்றியது. பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் விதைப்புக்கும் அறுவடைக்கும் கூலி கிடைக்கும், நடுவில் கையில் ஒன்றும் இராது. இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒருவர் படுத்துவிட்டால் இரண்டு உழைப்புப் போகிறது: படுத்தவரின் உழைப்பு, அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்பவரின் உழைப்பு. அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் உம்மாவாகவோ மனைவியாகவோ ராத்தாவாகவோ இருப்பார். அவரின் உழைப்பை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

கொடுப்பனவுக்கான பாதை ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், அரச வைத்தியரின் சான்றிதழ், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரின் சிபாரிசு, பிறகு அனுமதி. ஒரு கோப்பு நகரும்போது அதில் பல திகதிகள் சேர்கின்றன. விபத்து நடந்த அல்லது நோய் கண்ட நாள், வைத்தியர் கையெழுத்திட்ட நாள், விண்ணப்பம் காரியாலயத்துக்கு வந்த நாள், தகுதி உண்டென்று முடிவான நாள், பட்டியலில் இடம் கிடைத்த நாள், காசு கைக்கு வந்த நாள். நிலுவைச் சட்டம் என்று உலகில் எங்கெல்லாம் ஒன்று இருக்கிறதோ அங்கெல்லாம் அது கேட்பது ஒரே கேள்விதான்: இந்தத் திகதிகளில் எதிலிருந்து உரிமை ஓடத் தொடங்குகிறது? நம் முறையில் அது கடைசிக்கு முந்திய திகதியிலிருந்து, அதாவது பட்டியலில் இடம் கிடைத்த நாளிலிருந்து ஓடுகிறது. அதற்கு முந்திய திகதிகள் எல்லாம் கோப்பில் இருக்கும், ஆனால் அவற்றுக்கு விலை இல்லை.

இதன் காரணத்தைச் சட்டப் புத்தகத்தில் தேடுவதைவிட வரவு செலவுத் திட்டத்தில் தேடுவது நல்லது. இந்தக் கொடுப்பனவு நெடுநாள் மாதம் 3,000 ரூபாயாக இருந்தது. குடும்பத்தின் மாத வருமானம் 6,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. 2019 மார்ச்சில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதை 5,000 ஆக்கி, 72,000 பேருக்கு விரிவாக்க 4,320 மில்லியன் ரூபாய் ஒதுக்கியது. 72,000 பேர், ஆளுக்கு 5,000, பன்னிரண்டு மாதம். பெருக்கிப் பார்த்தால் சதம் பிசகாமல் 4,320 மில்லியன். தகுதியுள்ளோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பணம் ஒதுக்குவது ஒரு வழி. ஒரு தொகையை வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும் தலைகளை மட்டும் ஏற்பது இன்னொரு வழி. நம்முடையது இரண்டாவது. தொகை தீர்ந்தால் மிச்சப் பேர் வரிசையில் நிற்பார்கள். ஏற்கெனவே பெறுபவர் ஒருவர் மௌத்தானால் ஓர் இடம் காலியாகும்.

2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் வந்தபோதும் இந்தப் புத்தி மாறவில்லை. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், நெடுங்காலம் தூங்கிக் கிடந்த அந்தச் சட்டத்தைத் தட்டி எழுப்பி, புதிய திட்டம் கொண்டுவரப்பட்டது. குடும்பங்களை அளக்க ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகள். பிறகு நான்கு வகை: நிலைமாறும் நிலையினர் 4 லட்சம், பாதிக்கப்படக்கூடியோர் 4 லட்சம், வறியோர் 8 லட்சம், மிக வறியோர் 4 லட்சம். மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு தனியே, 72,000 பேருக்கு. வறுமை இப்படி முழு லட்சங்களாகவே வந்து நிற்பது பொருளியலில் ஓர் அதிசயம்தான்! 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 16 லட்சத்துக்கும் அதிகமானோர், அதாவது 8.7 வீதத்தினர், பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்ற ஏதாவது ஒன்றில் சிரமம் உள்ளவர்கள். அத்தனை பேரும் ஏழைகள் அல்லர், அத்தனை பேரின் சிரமமும் கடுமையானதல்ல. அப்படிப் பார்த்தாலும் இருபத்திரண்டு பேருக்கு ஒருவர் என்ற கணக்கு அளந்து வந்ததல்ல, பையில் இருந்ததைப் பார்த்து வந்தது.

தொகை உயர்ந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2024இல் 7,500, 2025இல் 10,000. உயர்வு பெரிது. ஆனால் தொகை உயர உயர வரிசைக்கு உள்ளே இருப்பவருக்கும் வெளியே நிற்பவருக்கும் இடையிலான பள்ளமும் ஆழமாகிறது. 3,000 ரூபாய்க் காலத்தில் ஒரு வருடக் காத்திருப்பின் விலை 36,000. இன்று அதே காத்திருப்பின் விலை 1,20,000.

சட்டம் என்ன சொல்கிறது? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் ஒரு தேசிய சபையை அமைத்தது. தொழிலிலும் கல்வியிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுத்தது. பாதிக்கப்பட்டவர் மேல் நீதிமன்றம் போகலாம் என்றது. மாத வருமானத்துக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி அதில் இல்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை மாற்றுத்திறனாளிகளுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் கொடுக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. போதிய வாழ்க்கைத் தரம் பற்றிய வாக்குறுதி அரச கொள்கை வழிகாட்டிகளில் இருக்கிறது, அவற்றை வைத்து வழக்குப் போட முடியாது. இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்திய ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயம் தன் 28ஆம் உறுப்புரையில் சமூகப் பாதுகாப்பை உரிமை என்றே பேசுகிறது. ஆனால் உள்நாட்டுச் சட்டமாக்கப்படாத சமவாயத்தைக் கச்சேரிக் கணக்காளரிடம் காட்டிக் காசு கேட்க முடியாது.

வேறு நாடுகளில் எப்படி என்று பார்த்தால், எந்தத் திகதியைப் பிடிப்பது என்பதில் ஒற்றுமை இல்லை. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு இயலாமைக் காப்புறுதி, இயலாமை தொடங்கிய நாளைத் தேடிப் போகிறது. அந்த நாளிலிருந்து முழு ஐந்து மாதத்தைக் கழித்துவிட்டு, விண்ணப்பத்துக்கு முந்திய பன்னிரண்டு மாதம் வரை பின்னோக்கிக் கொடுக்கிறது. வேலைக் காலத்தில் வரி கட்டியவர்களுக்கு இது. வரி கட்டாத ஏழைகளுக்கான மற்றத் திட்டத்தில் விண்ணப்பத்துக்கு முந்திய காலம் கணக்கில் இல்லை. நிலுவை பெரிதாக இருந்தால் அதை ஆறு ஆறு மாத இடைவெளியில் மூன்று தவணையாகக் கொடுப்பார்கள், ஒரேயடியாகக் கொடுத்தால் ஏழை செலவழித்துவிடுவான் என்ற பயத்தில் போலும். அங்கும் ஒரு நல்ல விதி இருக்கிறது: நிலுவையாக வந்த பணத்தை ஒன்பது மாதம் வரை அவரின் சொத்தாக எண்ண மாட்டார்கள். இல்லாவிட்டால் அரசு தாமதித்துக் கொடுத்த பணமே அவரை ‘வசதியானவர்’ ஆக்கி அடுத்த மாதக் கொடுப்பனவை வெட்டிவிடும். 22 குறிகாட்டிகளால் குடும்பங்களை அளக்கும் நாடு இந்த விதியைக் கவனிப்பது நல்லது.

பிரித்தானியாவில் நடந்தது இன்னும் பொருத்தமான பாடம். 2011 முதல் பழைய இயலாமைக் கொடுப்பனவிலிருந்து புதிய திட்டத்துக்கு மக்களை மாற்றியபோது, பலருக்குக் கிடைத்திருக்க வேண்டிய மேலதிகத் தொகையைத் திணைக்களம் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டது. தவறு வெளியே வந்ததும், 2014 ஒக்டோபர் 21க்குப் பிந்திய நிலுவையை மட்டும் தருவோம் என்றார்கள். அந்த நாளில் மேல் தீர்ப்பாயம் ஒன்று வழங்கிய தீர்ப்பைக் காரணம் காட்டி, அதற்கு முந்தியது சட்டப்படி தர முடியாதது என்பது வாதம். குழந்தை வறுமைக்கு எதிராக இயங்கும் ஓர் அமைப்பு நீதிமன்றம் போனது. 2018 ஜூலையில் அமைச்சர் பின்வாங்கி, முழுக் காலத்துக்கும் தருவதாக அறிவித்தார். லட்சக்கணக்கான கோப்புகளை மீளத் திறந்து பார்த்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அறுபது கோடி பவுணுக்கு மேல் கொடுத்து முடித்தார்கள். பட்டியலை உருவாக்கும்போது காட்டும் அவசரத்தின் செலவு பின்னால் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடைக்காது. 2023இல் நாமும் ஒரு பெரிய மாற்றத்தை அவசரமாகத்தான் செய்தோம். ஜூன் மாதம் பெயர்ப்பட்டியல் ஒட்டப்பட்டது. பத்து லட்சத்தை நெருங்கிய மேன்முறையீடுகள் குவிந்தன. ஜூலைக்குரிய பணம் ஆகஸ்ட் இறுதியில்தான் வங்கிகளுக்குப் போகத் தொடங்கியது.

பாக்கி எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போகலாம் என்ற கேள்வியை இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2008 ஆகஸ்டில் தர்செம் சிங் வழக்கில் தீர்த்தது. 1983இல் உடல்நிலை காரணமாக இராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட ஒருவர், இயலாமை ஓய்வூதியம் கேட்டு 1999இல்தான் உயர் நீதிமன்றம் வந்தார். பதினாறு வருடத் தாமதம். நீதிமன்றம் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்த்தது. ஓய்வூதியம் கொடுபடாத ஒவ்வொரு மாதமும் ஒரு புதிய தவறு, ஆகவே காலம் கடந்தது என்று சொல்லி உரிமையை மறுக்க முடியாது. ஆனால் பழைய பாக்கி என்று வரும்போது, வழக்குப் போட்டதற்கு முந்திய மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. உரிமை சாகாது, பாக்கிக்கு மட்டும் வயதெல்லை உண்டு. இருபுறமும் முழுத் திருப்தி தராத தீர்ப்பு, ஆனால் நடைமுறைக்கு ஏற்றது என்றே எனக்குப் படுகிறது.

தென்னாபிரிக்கக் கதைதான் இவற்றுள் கனமானது. கிழக்கு கேப் மாகாணம் 1990களின் பிற்பகுதியில், பட்டியலைச் சுத்தம் செய்கிறோம் என்ற பேரில் பல்லாயிரம் பேரின் இயலாமைக் கொடுப்பனவை அறிவித்தல் இல்லாமல் நிறுத்தியது. நின்றவர்கள் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தனித்தனியாக வழக்காட வசதியற்ற இவர்கள் ஒரு கூட்டாக வழக்குத் தொடரலாம் என்று 2001இல் எங்சூசா வழக்கில் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் அனுமதித்தது. 2008 மார்ச்சில் எஞ்சோங்கி வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1997இல் கொடுப்பனவு நிறுத்தப்பட்டு 2000இல் மீண்டும் பெற்ற பெண் ஒருவர் இடைப்பட்ட காலத்தின் பாக்கியைக் கேட்டிருந்தார். மாகாணத்தின் பதில்: மூன்று வருடம் கடந்துவிட்டது, கடன் காலாவதி. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஸாக் யாகூப். டேர்பனில் பிறந்த இந்திய வம்சாவளியினர், குழந்தைப் பருவத்திலேயே மூளைக்காய்ச்சலில் பார்வை இழந்தவர். சட்டவிரோதமாக நிறுத்திய அரசே, அந்தச் சட்டவிரோதத்தை ஒப்புக்கொள்ளாமல் இருந்துகொண்டே காலாவதியைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்பது அவரின் முடிவு. பாக்கி முழுவதும் கொடுக்கப்பட வேண்டும் என்று உத்தரவாயிற்று.

இந்தத் தீர்ப்பு நம் வரிசைக்காரருக்கு நேரடியாக உதவாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணிடம் இருந்ததைப் பறித்தார்கள். நம்மவரிடம் இன்னும் கொடுக்கவே இல்லை. இருந்ததைப் பறித்தால் மீட்கலாம், தராததை எப்படி மீட்பது? நிலுவை பற்றிய விவாதம் முழுவதும் முட்டி நிற்கும் சுவர் இதுதான். உதவி என்பது இன்றைய பசிக்கு. நேற்றைய பசி நேற்றோடு போயிற்று. போன பசிக்கு இன்று காசு கொடுப்பதில் என்ன பயன்? காரியாலயத்தில் யாரும் இதை இவ்வளவு பச்சையாகச் சொல்வதில்லை, ஆனால் முறையின் அடியில் ஓடும் தர்க்கம் இதுவே.

இந்தத் தர்க்கம் நம் ஊர்களுக்குப் புதியதும் அல்ல. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், கணவன் மனைவிக்குக் கொடுக்க வேண்டிய நஃபகா எனும் பராமரிப்புச் செலவு கொடுபடாமல் போனால் அது அவன்மேல் கடனாக நிற்கும். மாதம் கழிந்ததால் அது கரைந்துபோகாது. காதியார் தீர்ப்புச் சொல்லித்தான் கடனாக வேண்டும் என்பதும் இல்லை. ஹனஃபீ மத்ஹபில் இந்த விஷயத்தில் வேறு நிலைப்பாடு உண்டு, அங்கே கடந்த காலத்து நஃபகாவுக்குத் தீர்ப்போ உடன்பாடோ வேண்டும். ஆனால் அதே ஷாஃபிஈ மத்ஹபில், இயலாத பெற்றாருக்கோ உழைக்க முடியாத பிள்ளைக்கோ கொடுக்க வேண்டிய நஃபகா அப்படி அல்ல. அது தேவைக்காகக் கடமையானது. காலம் கழிந்தால் அந்தத் தேவையும் கழிந்தது, ஆகவே அது கடனாகச் சேராது. இமாம் நவவீயின் ‘மின்ஹாஜ்’ இந்த வேறுபாட்டைச் சுருக்கமாக வைக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால், நம் சமூக சேவைத் திணைக்களம் இந்த இரண்டாவது சட்டத்தின்படிதான் நடக்கிறது: சம்பளம் மனைவியின் நஃபகா, கொடுப்பனவு உறவினரின் நஃபகா.

ஆனால் ஃபிக்ஹு நூல்கள் அதோடு நிறுத்தவில்லை. கொடுக்க வேண்டியவர் ஊரில் இல்லை, அல்லது கொடுக்க மறுக்கிறார்; அப்போது காதி தலையிட்டுத் தொகையை விதித்தால், அல்லது அவரின் பேரில் கடன் வாங்க அனுமதித்தால், அது கொடுக்க வேண்டியவரின் கடனாகிவிடும். காதியின் விதிப்பு மட்டும் போதுமா, கடன் உண்மையில் வாங்கப்பட்டிருக்க வேண்டுமா என்று பிற்கால உரையாசிரியர்கள் நுணுக்கமாக வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதத்துக்குள் போக எனக்குத் தகைமை இல்லை. எனக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் நடைமுறை ஞானம். பசி தானாகத் தீர்ந்ததென்றால் சரி. கடன் வாங்கித் தீர்த்ததென்றால் அது தீரவில்லை, வேறு உருவத்தில் உயிரோடு இருக்கிறது.

வரிசையில் நிற்கும் குடும்பம் எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்த்தால் இது விளங்கும். முதலில் கடைக் கொப்பியில் எழுதுவார்கள். பிறகு காதிலும் கழுத்திலும் இருப்பது அடகுக்குப் போகும். நுண்கடன் கம்பனிக்காரர் வாராவாரம் வாசலுக்கு வருவார். மருந்துக்கும் சக்கர நாற்காலிக்கும் ஜமாஅத்தில் ஒரு வசூல் நடக்கும். மூன்று வருடம் கழித்து முதல் 10,000 கைக்கு வரும்போது அந்தக் காசில் இன்றைய பசி பாதிதான் தீரும், மிச்சம் பழைய கொப்பிக்குப் போகும். அரசு கொடுக்காத மாதங்களை வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள், வட்டியோடு. நேற்றைய பசி நேற்றோடு போயிற்று என்ற தர்க்கம் இங்கேதான் உடைகிறது. அதோடு, இந்த வரிசையில் நிற்பவரின் தகுதியை ஓர் அதிகாரி ஏற்கெனவே ஏற்றுக் கையெழுத்திட்டுவிட்டார். அந்தக் கையெழுத்துத்தான் நம் முறையில் காதியின் விதிப்புக்கு ஈடானது.

பணத்தின் பெறுமதி கரைவதையும் இதில் சேர்க்க வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். கொடுப்பனவு அப்போதும் 5,000தான். 2021இல் வர வேண்டிய 5,000 ரூபாயை 2023இல் யாராவது நிலுவையாகக் கொடுத்திருந்தால்கூட அதைக் கொண்டு வாங்கக்கூடிய அரிசி வெகுவாகக் குறைந்திருக்கும். உலகில் பல திட்டங்கள் நிலுவைக்கு வட்டி கொடுப்பதில்லை, அமெரிக்காவின் திட்டமும் அப்படித்தான். ஆகவே நிலுவை கொடுத்துவிட்டால் தாமதத்தின் கணக்குத் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். குறைந்தபட்சம் கணக்கு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாக ஆகும்.

எதிர்வாதத்தையும் அதன் பலத்தோடு கேட்க வேண்டும். வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் 2022இல் கையை விரித்த நாடு, பழைய பாக்கியை எங்கிருந்து கொடுக்கும்? 2020இன் காத்திருப்போர் எண்ணிக்கையை 35,000 என்று எடுத்து, அன்றைய 5,000 ரூபாயால் பெருக்கினால் வருடத்துக்கு 210 கோடி ரூபாய். சிறிய தொகை இல்லை. ஆனால் இது பாக்கியின் செலவு அல்ல, வரிசையை இல்லாமலாக்கும் செலவு. வரிசை இல்லாவிட்டால் நிலுவை பெரும்பாலும் உருவாகாது. விண்ணப்பத்துக்கும் அனுமதிக்கும் இடையில் போகும் இரண்டு மூன்று மாதம்தான் மிஞ்சும். இயலாமை தொடங்கிய நாளிலிருந்து கொடு என்று நான் கேட்கவில்லை. பிறவியிலேயே இயலாத ஒருவருக்கு அந்தக் கணக்கு முடிவில்லாமல் போகும், போலிச் சான்றிதழ்களுக்கும் வழி திறக்கும். விண்ணப்பம் காரியாலயத்தில் பதிவான நாளிலிருந்து, தர்செம் சிங் வழக்கைப் போல மூன்று வருட எல்லையோடு. அது நியாயமான இடைநிலை என்று நினைக்கிறேன். தாமதத்தின் விலையை விண்ணப்பித்தவரின் தோளிலிருந்து எடுத்துத் தாமதிப்பவரின் தோளில் வைத்தால் கோப்பு வேகமாக நகரும் என்பது இதன் பக்கப் பலன். பதவி உயர்வுக் கடிதங்களுக்கு இந்தக் காரியாலயங்கள் காட்டும் அக்கறையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அது வரும்வரை இருக்கும் கருவிகள் சில. விண்ணப்பத்தின் பிரதியில் திகதியும் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்வது முதலாவது. கொடுக்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளலாம். திகதி இல்லாத கோரிக்கைக்கு எந்த நீதிமன்றத்திலும் நிலுவை இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். கேட்க வேண்டியவை: என் விண்ணப்பம் எந்தத் திகதியில் பதிவாகியுள்ளது, வரிசையில் நான் எத்தனையாவது, கடந்த ஒரு வருடத்தில் எத்தனை இடம் காலியாயிற்று, எந்த ஒழுங்கில் நிரப்பப்பட்டது. கடைசிக் கேள்விதான் கூர்மையானது. வரிசையைத் தாண்டி யாராவது உள்ளே போயிருந்தால் அங்கேதான் தெரியவரும். அப்படித் தெரியவந்தால் அது தாமதம் என்ற நிலையைத் தாண்டி, சட்டத்தின் முன் சமத்துவம் என்ற அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரைக்குள் வந்துவிடும். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இறக்காமத்திலிருந்து கொழும்புக்கு அது நெடுந்தூரம். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்று ஆணைக்குழுவின் 1996ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயம் கல்முனையிலேயே இருக்கிறது.

படிவம் நிரப்பித் தருகிறேன், மேலே ஆள் இருக்கிறது, அரியர்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று வருபவர்களிடம் கவனம் வேண்டும். நம் முறையில் எடுத்துத் தர நிலுவை என்று ஒன்று இல்லை என்பதே அவர்களுக்கான பதில்.

இதை மாற்றப் புதிய சட்டம்கூடத் தேவைப்படாது. அஸ்வெசுமவின் வகைகளும் தொகைகளும் எண்ணிக்கைகளும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைச்சர் வர்த்தமானியில் வெளியிட்ட ஒழுங்குவிதிகளில் இருப்பவை. 72,000 என்ற எண்ணும் அப்படி வந்ததே. 5,000 ரூபாய் 7,500 ஆனதும், 7,500 ரூபாய் 10,000 ஆனதும் அதே வழியில்தான். கொடுப்பனவு விண்ணப்பம் பதிவான மாதத்திலிருந்து கணக்கிடப்படும் என்ற ஒரு வரியும் அதே வர்த்தமானியில் அடங்கும்.